ரப்பர் சட்டை அத்தை

கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கிறவர்களைப் பற்றி உயர்வாகப் பேசுகிற யாரும் அவர்களுடைய உடையைத் தைத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். என் அத்தை தைத்துக் கொடுப்பவள். அப்பாவின் தங்கை, வயது நாற்பத்தாறு. அவள் அறையில் ஒரு இரும்புக் குழாயில் கறுப்பு ரப்பர் உடைகள் தலையில்லாத ஆட்களைப்போல வரிசையாகத் தொங்கும். ஜன்னலை எவ்வளவு திறந்து வைத்தாலும் பசை வாசனை போகாது. அந்த வாசனையில் உட்கார்ந்துகொண்டு அத்தை, எங்கள் ஊர் மூழ்குவோர் கிளப்பில் இருக்கும் முப்பது பேரையும் அவர்கள் உடையை வைத்தே எடை போடுவாள்.

"இது முட்டி டாக்டரோடது," என்பாள், ஒரு உடையைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்து. முழங்கால் இரண்டும் சல்லடையாக இருக்கும். "மண்டி போட்டுக் கும்பிடறதுக்கு இவ்வளவு ஆழம் போகணுமா? வீட்லயே போடலாமே."

முட்டி டாக்டர் என்பவர் உண்மையில் பல் டாக்டர். கிளப்பின் தலைவர். கிளப் அறையின் வாசலில் அவர் கையெழுத்திட்ட பலகை ஒன்று உண்டு: அடித்தரையைத் தொடாதீர், உயிர்களைத் தொந்தரவு செய்யாதீர். பலகையைக் கடந்து இறங்கும் அத்தனை பேரின் உடையும் முழங்காலில் கிழிந்து அத்தையிடம் வருகிறது. சிலருடையது முழங்கையிலும். ரப்பரில் கறுப்பு ஊசிகள் ஒடிந்து நிற்கும். அவை கடல் முள்ளெலியின் முட்கள். அத்தை இடுக்கியால் பிடுங்கிப் பிடுங்கிப் போடுவாள். "இவன் உக்காந்திருக்கான். அதுவும் அது மேல," என்பாள். "அதுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்?" வலித்தது யாருக்கு என்று நான் கேட்டதில்லை.

நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. விலங்கியல். கடல் முள்ளெலியின் ஐந்து பற்களுக்கும் தனித்தனியே படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவள். வேலை கிடைக்காமல் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன்.

"நீ படிச்ச கடல்ல தண்ணி இருந்துச்சாடி?" என்று முதல் நாளே கேட்டாள்.

கல்லூரியில் கடைசி வருடம் மூன்று வாரம் மூழ்கப் பழக்கியிருந்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள் என்றேன். "சான்றிதழ் நனையுமா?" என்றாள். அத்தையோடு பேசுவது இப்படித்தான் இருக்கும். நாம் ஒன்று சொல்வோம், அவள் அதை வாங்கி, பிரித்து, தையலைக் காட்டித் திருப்பிக் கொடுப்பாள்.

எட்டாவதோடு நின்றவள். பதினோரு வருடம் ஒரு சீருடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அத்தனை வருடமும் இடது கை மட்டும் தைத்தாள். வலது கை வேறு வரிசை. "பதினோரு வருஷத்துல ஒரு முழுச் சட்டையை நான் பாத்ததில்ல. தெருவுல பிள்ளைங்க போட்டுட்டுப் போறப்ப பாத்தாத்தான் உண்டு," என்பாள். கணவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. தொலைந்து போனவரைத் தேடினீர்களா என்று யாராவது பரிதாபமாகக் கேட்டால், "அவரு தொலையல, நான் தேடல. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு," என்று முடித்துவிடுவாள்.

தொழிற்சாலையிலிருந்து நின்ற பிறகு வீட்டில் மிஷின் போட்டாள். ஒரு நாள் கிளப் ஆள் ஒருவர் கிழிந்த ரப்பர் உடையோடு வந்தார். மூன்று தையல்காரர்கள் முடியாது என்று கைவிரித்த உடை. ரப்பரில் ஊசி மறுபக்கம் வந்தால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும். வராமல் தைக்க வேண்டும். பாதிக் கனம் வரை குத்தி, வளைத்து, அதே பக்கம் வெளியே எடுக்க வேண்டும். அத்தை நான்கு நாள் பழைய செருப்புத் துண்டில் பழகிவிட்டுத் தைத்துக் கொடுத்தாள். அது பிரியவில்லை. அன்றிலிருந்து இன்று வரை அவள் தையல் ஒன்றும் பிரிந்ததில்லை. இதை அவளே ஒரு நாளைக்கு மூன்று முறை சொல்வாள். எதைப் பற்றியும் நல்ல வார்த்தை சொல்லாத வாய்க்கு அதுதான் ஒரே விதிவிலக்கு.

கீழே அப்படி என்னதான் முட்டியைத் தின்கிறது என்று பார்க்கத்தான் அவள் முதலில் இறங்கினாள். தைத்துக் கொடுத்ததற்குப் பதிலாக ஒருவர் கற்றுக்கொடுத்தார். வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டித் தனக்கே ஒரு உடை செய்துகொண்டாள். ஒரு கால் நீலம், ஒரு கால் கறுப்பு, முதுகில் மஞ்சள், வயிற்றில் யாரோ ஒருவருடைய கம்பெனிப் பெயரில் பாதி. கரையில் நிற்கும்போது பார்த்தால் சிரிப்பு வரும். தண்ணீருக்குள் வராது. தரையிலிருந்து ஒரு முழம் மேலே, கை இரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டு, அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிறவளைப்போல மிதப்பாள். அந்த உடையில் முழங்காலில் இதுவரை ஒரு கீறல் இல்லை. கீழே யாரோடும் அவளுக்குச் சண்டை இல்லை. அங்கே பேச முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்படி எட்டு வருடம் போனது. பிறகு துறைமுக அலுவலகம் ஒரு உத்தரவு ஒட்டியது. அடுத்த மாதம் முதல் அனுமதி அட்டை உள்ளவர்கள் மட்டுமே அலைதடுப்புச் சுவரின் படிகளில் இறங்கலாம். அட்டையைக் கிளப் தலைவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். என் கல்லூரிச் சான்றிதழைக் காட்டியதும் எனக்கு ஐந்து நிமிடத்தில் தந்துவிட்டார்கள். நான் அந்தப் படிகளில் அதுவரை நான்கே முறைதான் இறங்கியிருந்தேன். எட்டு வருடம் இறங்கிய அத்தைக்கு, தலைவர் கூடவே வந்து பார்க்கும் ஒரு பரிட்சை.

"அவரு என்னைப் பரிட்சை பண்றாரா? அவரு முட்டியை நான் எத்தனை வாட்டி ஒட்டியிருக்கேன்!"

"அத்தை, அது கிடைக்கலன்னா நீங்க இனிமே இறங்கவே முடியாது. ஒரே ஒரு காலைல வாயை மூடிட்டு இருங்க. தண்ணிக்குள்ள வாயில குழாய் இருக்கும், கவலை இல்ல. மேல இருக்கற நேரம்தான்."

 அந்த வாரம் அறைக் கதவு மூடியிருக்கும்போது அத்தை உள்ளே இருபது வரை எண்ணுவது கேட்டது. வாயை மூடப் பழகினாள் என்று நினைக்கிறேன். வேறு எதற்காகவும் அவள் அப்படிப் பழகி நான் பார்த்ததில்லை.

பரிட்சை நாளன்று டாக்டர் புதுக் கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தார். கடலின் ஏற்றமும் இறக்கமும் அதுவே சொல்லுமாம். "பத்து நாப்பதுக்குத் தண்ணி நிக்கும். எல்லாரும் ரெடியா இருங்க," என்றார்.

எங்கள் இடம் ஒரு குறுகிய கழிமுகம். சுவருக்குப் பின்னால் பெரிய உப்பங்கழி இருக்கிறது. வெளிக்கடலில் ஏற்றம் முடிந்தாலும், உப்பங்கழி நிரம்பும்வரை இங்கே முக்கால் மணி நேரம் தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு அரை மணி நேரம் அசையாமல் நிற்கும். அந்த அரை மணியில்தான் இறங்க வேண்டும். இது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்கும் தெரியும், கடிகாரம் வாங்கும் வரை. யாரும் சொல்லவில்லை. தலைவர் வாங்கிய கடிகாரம் தப்பாக இருக்க முடியாது. ஏழு பேர் உடை மாட்டி, முதுகில் சிலிண்டரோடும் இடுப்பில் ஈயக்கட்டியோடும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். கீழே தண்ணீர் ஆறுபோல ஓடியது. படியோரத்து இரும்புச் சங்கிலியில் வளர்ந்திருந்த பாசி, பக்கவாட்டில் நீண்டு, கொடிபோலப் படபடத்தது. அது நேராகத் தொங்கினால்தான் தண்ணீர் நின்றதாகக் கணக்கு.

அத்தை உடையை இடுப்புவரை மட்டும் ஏற்றிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன டெய்லரம்மா, பயமா இருக்கா? போட்டுக்கல?" என்றார் டாக்டர். முகத்தில் வியர்வை வழிந்தது.

"இல்லைங்க டாக்டர்," என்றாள் அத்தை. அவ்வளவுதான். எனக்கே அவள்மேல் இரக்கம் வந்தது.

பதினொன்று இருபதுக்கு வேகவைத்த கிழங்குபோல நின்றுகொண்டிருந்த ஏழு பேரையும் டாக்டர் பார்த்தார். "இன்னைக்குக் கடல் கொஞ்சம் லேட்," என்றார்.

பாசி நேரானதும் டாக்டரும் அத்தையும் நானும் சேர்ந்து இறங்கினோம். மற்றவர்கள் வேறு பக்கம் போனார்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒன்பது மீட்டர். குளிர் முதலில் கழுத்தில் தெரிந்தது, பிறகு விரல்களில். சுவரின் அடிக்கற்களில் ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு அப்பியிருந்தது. பாம்புபோன்ற ஒரு அஞ்சாலை மீன் பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டி, வாயைத் திறந்து மூடி, எதையோ மறுபடி மறுபடி சொல்லவந்து விட்டுவிட்டது. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று தன்னைவிடப் பெரிய சங்கோடு மல்லுக்கட்டியது. நான் எல்லாவற்றுக்கும் மனதுக்குள் லத்தீன் பெயர் வைத்துக்கொண்டு வந்தேன். பெயர் சொல்லி முடிப்பதற்குள் அது போய்விடும். நான் பார்த்தது என்ன என்று கேட்டால் பெயரைத்தான் சொல்வேன். நான் நிஜமாகவே பார்க்கிறேனா என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம்.

அத்தை செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். கண்ணாடிக்குள் தண்ணீர் விட்டு வெளியேற்றினாள். வாய்க்குழாயைக் கழற்றி மாட்டினாள். டாக்டர் கைச்சைகையில் நன்று என்றார். பரிட்சை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அவர் தரையில் ஒரு குழாயைப் பார்த்தார். உடைந்த சிமெண்டுக் குழாய், பாதி மணலில் புதைந்தது. அதன் வாயில் கூழாங்கல்லும் சிப்பியும் அடுக்கி ஏதோ ஒரு உயிர் சுவர் எழுப்பியிருந்தது. சுவருக்கு மேலே ஒரு கண். பேய்க்கணவாய், எட்டுக் கை உள்ளது. அதன் பின்னால் குழாயின் கூரையிலிருந்து அரிசி மணிகளைக் கோத்ததுபோல முட்டைச் சரங்கள் தொங்கின. அது அவற்றின்மேல் தண்ணீரை ஊதிக்கொண்டே இருந்தது. முட்டை பொரியும்வரை தாய் எதையும் தின்னாது, இடத்தை விட்டு நகராது, பொரிந்ததும் செத்துப்போகும். இதற்கு நான் பத்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதியிருக்கிறேன். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

டாக்டரின் கேமராவுக்கு இரண்டு பக்கமும் விளக்கு நீட்டிக்கொண்டிருக்கும். படமெடுக்க விடாமல் சுவர் மறைத்தது. அவர் மண்டியிட்டார். முழங்கை ஊன்றினார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு எஃகுக் குச்சியை உருவி, அந்தச் சுவரின் கற்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பல்லில் ஒட்டிய காரையைச் சுரண்டுகிறவருக்கு அது கைவந்த வேலை. அந்த உயிர் வெளுத்தது. ஒரு கையை நீட்டி ஒரு கல்லைத் திரும்ப இழுத்தது. அவர் அதையும் தள்ளிவிட்டு, குச்சியை உள்ளே விட்டார். இரண்டு சிறுமீன்கள் அதற்குள் பக்கத்தில் வந்து காத்திருந்தன. தாய் வெளியே வந்தால் முட்டைகள் அவற்றுக்கு விருந்து.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. இரண்டு கையாலும் ஒரு செவ்வகம் வரைந்து காட்டினேன். அட்டை. அட்டை, அத்தை. இவ்வளவு படித்த நான் அந்த இடத்தில் செய்தது அது ஒன்றுதான்.

அத்தை டாக்டரின் முதுகுப்பக்கம் போனாள். அந்த உடையின் ஜிப்பை அவள் போன வாரம்தான் மாற்றியிருந்தாள். கழுத்தில் இருந்த ஒட்டுப்பட்டையை ஒரே இழுப்பில் உரித்தாள். ஜிப்பை நான்கு விரல் அளவு கீழே இறக்கினாள். அதற்கு மேல் சிலிண்டர் விடாது. அதுவே போதும். அன்றைய கடல் முழுவதும் டாக்டரின் முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. அவர் குமிழி குமிழியாக ஏதோ சொன்னார். குச்சி கைநழுவியது. நெட்டுக்குத்தாக எழும்பி, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோகப் பார்த்து, எட்டாமல் தன்னைத்தானே சுற்றினார். அதற்குள் அத்தை இரண்டு கஜம் தள்ளிப்போய், கையைக் கட்டிக்கொண்டு ஒரு கடற்பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்போதுதான் கவனித்தவளைப்போல வந்து, ஜிப்பை ஏற்றி, பட்டையை அழுத்தி ஒட்டிவிட்டாள். டாக்டர் நன்றி என்று சைகை செய்தார்.

பாசி மறுபக்கம் சாயத் தொடங்கியது. ஏறினோம்.

கிளப் அறையில் நீண்ட மேசை. ஈரம் சொட்டச் சொட்ட எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் உடையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். படிவத்தை எடுத்தார்.

"மூழ்கறதெல்லாம் சரியாத்தான் இருக்கு டெய்லரம்மா. ஆனா உன் தையல் இருக்கே!" மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "போன வாரம் போட்ட ஜிப், கீழ தானா திறந்துக்குது. விறைச்சுப் போயிட்டேன். இதை நம்பி நாம எல்லாரும் இறங்கறோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையின் உதடு அசைந்தது. எண்ணுகிறாளா, பேசப்போகிறாளா என்று தெரியவில்லை. நான் முந்திக்கொண்டேன்.

"ஆமா சார். அன்னைக்கு அவசரத்துல தைச்சது. ஜிப்பு சரியா உக்காரல. நானும் அத்தைகிட்ட சொன்னேன்."

நான் அத்தையிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எத்தனை மேசைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன்! வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, உதவித்தொகை, தேர்வுக் கட்டண விலக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன சொன்னாலும் ஆமா சார் என்று சொல்லிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். உங்க அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதா என்றால் ஆமா சார். முதலிலேயே வந்திருக்கணும் என்றால் ஆமா சார். என் பட்டத்தில் பாதி இப்படி வாங்கியது. மீதிப் பாதி பாகம் குறித்த படங்கள். அன்றைக்கும் பேனா தாளில் இறங்கும்வரை நான் மூச்சு விடவில்லை.

டாக்டர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அட்டையை நீட்டினார். அத்தை வாங்கினாள். புரட்டிப் பார்த்தாள். உடையின் கழுத்துக்குள் செருகிக்கொண்டாள்.

"போட்டாச்சா டாக்டர்?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

"அந்த ஜிப்பு தானா திறக்கல. நான் தைச்சது எதுவும் தானா திறக்காது. நான்தான் இழுத்தேன்."

சிரிப்பு நின்றது. நாற்காலியில் கிடந்த உடையை அத்தை எடுத்தாள். ஜிப்பை மூடி, ஒரு பக்கத்தைத் தன் கையில் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை மேசை முன்னால் இருந்த ஒரு ஆளிடம் நீட்டினாள். "இழுங்க. நல்லா இழுங்க, சாப்பிடலையா?" அவர் பாவம், இழுத்தார். ஜிப் ஜிப்பாகவே இருந்தது.

"தண்ணிக்குள்ள என் உடையை அவுத்தியா?" டாக்டரின் குரல் உயர்ந்தது. "அது எவ்வளவு பெரிய ஆபத்து தெரியுமா? அட்டையைக் குடு இப்படி. ரத்து பண்றேன்."

"பண்ணுங்க. அதுக்கும் ஒரு ஃபாரம் இருக்கும்ல? காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்ல?" அத்தை என் பக்கம் திரும்பவில்லை. என்னை நோக்கிக் கையை மட்டும் நீட்டினாள். "இந்தா, இவ டிகிரி படிச்சவ. நல்லா எழுதுவா. நேரம், இடம், எதுக்காக இழுத்தேன், நீங்க அப்ப எதுமேல மண்டி போட்டு, கையில என்ன வெச்சுட்டு இருந்தீங்க, எல்லாம் எழுதுவா. நீங்க கையெழுத்துப் போடுங்க. துறைமுக ஆபீசுக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

படிவம் இருந்தது. எழுதினேன். இந்த முறை ஆமா சார் இல்லை. குழாயின் ஆழம், குச்சியின் நீளம், கற்கள் எத்தனை, முட்டைச் சரங்கள், குளிர்ந்த நீர் புகுந்த இடம். கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதியவற்றில் யாரும் மதிப்பெண் போடாத முதல் விடை. டாக்டர் முழுவதையும் படித்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"அடுத்த கமிட்டியில வெச்சுப் பேசிக்கலாம்," என்றார்.

ஐந்து மாதமாகக் கமிட்டி கூடவில்லை. அட்டை ரத்தாகவில்லை. தண்ணீர் நிற்கும் நேரமெல்லாம் அத்தை இறங்குகிறாள். படிக்காவலாளி அட்டையைப் பார்க்கக் கேட்டால் அவர் கண்ணுக்கு ஒரு விரற்கடை முன்னால் நீட்டுகிறாள். டாக்டர் தன் உடையை வேறு ஒருவரிடம் தைக்கக் கொடுத்தார். ஊசி மறுபக்கம் வந்துவிட்டதாம். இப்போது யார் கையிலோ கொடுத்தனுப்புகிறார். பெயர் சொல்லாமல் வந்தாலும் முழங்காலைப் பார்த்ததும் அத்தைக்குத் தெரிந்துவிடுகிறது. தைத்துக் கொடுக்கிறாள்.

எனக்குத்தான் தைத்துக் கொடுப்பதில்லை. இரண்டாம் மாதம் என் உடை இடது அக்குளில் பிரிந்தது. கடையில் வாங்கிய தையல் அது. மிஷின்மேல் வைத்தேன். அத்தை அதை இரண்டு விரலால் தூக்கி என் பக்கம் தள்ளினாள்.

"எதுக்கும்மா இங்க குடுக்கற? இங்க அவசரத்துல தைப்பாங்க. ஜிப்பு சரியா உக்காராது."

"அத்தை, அட்டைக்காகத்தானே சொன்னேன்."

"தெரியும். நல்லா சொன்ன. தடங்கலே இல்லாம சொன்ன." மிஷினை ஓட்டத் தொடங்கினாள். "நான் எட்டாவது. எனக்கு அவ்வளவு சீக்கிரம் வராது."

பசை வாங்கி நானே ஒட்டிப் பார்த்தேன். மூன்று முறை இறங்குவதற்குள் பிரிந்துவிட்டது. வளைந்த ஊசி வாங்கித் தைத்தேன். மறுபக்கம் வந்துவிட்டது. அப்படியேதான் போட்டுக்கொண்டு அத்தையோடு இறங்குகிறேன். சங்கிலியைப் பிடித்துத் தலை முங்கியதும் அக்குள் வழியாகக் குளிர் உள்ளே வந்து விலா எலும்புகளை எண்ணிக்கொண்டு போகிறது. அத்தை கீழே கையைக் கட்டிக்கொண்டு மிதக்கிறாள். நான் நடுங்குவது தெரிந்தும், வேறு பக்கம் பார்க்கிறாள்.